ஓரகத்தியின் அலமாரி வழியே இறங்கிய வெயில்

பல்லுக்காரம்மா என்று கேட்டால் அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும். பல் பிடுங்குகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள், அது டாக்டர் வேலை. உடைந்த பல்லுக்கு மேல் மாட்டுகிற செராமிக் கேப்பை வீட்டிலேயே செய்து கொடுப்பவள் இவள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. கை அவ்வளவு சுத்தம், வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

கோளாறெல்லாம் அறையில்தான். இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் வீடுகள். முன்னறையில் தெருப்புழுதி, பின்னால் சமையல் புகை. மிச்சம் ஜன்னலில்லாத நடு அறைதான், பட்டப்பகலிலும் டியூப்லைட். அந்த வெளிச்சத்தில் எல்லாப் பல்லும் அழகு, வெளியே கொண்டுபோனால் சாயம் வெளுத்துவிடும். அதனால் பல்லை இடுக்கியில் பிடித்துக்கொண்டு நாளைக்கு இருபது தடவை வாசலுக்கு ஓடுவாள். நிறம் பார்த்துத் திரும்புவதற்குள் குழைத்து வைத்த செராமிக் பொடி காய்ந்து தொலையும். பகல் வெளிச்சம் தரும் என்று அட்டையில் போட்டிருந்த பல்பையும் வாங்கி மாட்டினாள். பல்லெல்லாம் நீலம் பாரித்ததுதான் மிச்சம்.

இப்படியிருக்க, ஒரு டீச்சரின் முன்பல்லுக்குச் செய்த கேப் இரண்டு தடவை திரும்பி வந்தது. பக்கத்துப் பல்லோடு நிறம் சேரவில்லையாம். மூன்றாவதும் திரும்பினால் இனி வேலை அனுப்பப்போவதில்லை, மெஷின் வைத்திருக்கும் லேபுக்கே கொடுத்துவிடுவேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளுக்கு வேலை கொடுப்பது அந்த ஒரே டாக்டர்தான்.

யாரோ சொல்லி, வீட்டுக்குள் வெயிலை இறக்கித் தரும் ஒரு ஃபிட்டர் வந்து பார்த்தார். மொட்டைமாடியில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு மூடி, அதிலிருந்து உள்பக்கம் கண்ணாடியாக மின்னும் குழாய், கீழே அவள் மேஜைக்கு மேல் ஒரு வட்டம். வெயில் குழாய்க்குள் முட்டி மோதிக் கீழே வந்து அறை முழுக்கப் பரவும், கரண்டே வேண்டாம் என்றார். எல்லாம் சரி, நடுவில் மாடி இருக்கிறதே! அங்கே குடியிருப்பது கொழுந்தனும் ஓரகத்தியும். குழாய் இறங்க இருந்த ஒரே இடம் ஓரகத்தியின் சுவர் அலமாரி.

அந்த ஓரகத்தியோடு இவளுக்கு அவ்வளவாக ஒட்டுறவு கிடையாது. இவளைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள், தன்னைத்தான் கேலி செய்கிறாள் என்று இவளுக்கு எரிச்சல். ஆனாலும் வேறு வழியில்லை. மாடியேறிப் போய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். ஓரகத்தி அலமாரிக் கதவைத் திறந்தாள்.

"அக்கா, பத்து வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு பல்லு செஞ்சு குடுத்தீங்கல்ல? வெளியில போனா அது மஞ்சளாத் தெரியுது. அதான் கையால மறைச்சுக்கிட்டே சிரிக்கறேன்."

பல்லுக்காரம்மாவுக்கு அவமானத்தில் முகம் சுட்டது.

"ஏன்டி இத்தனை நாள் சொல்லல?"

"வீட்டு ஆளு செஞ்சது. எப்படிச் சொல்றது?"

சொல்லிவிட்டு அலமாரியிலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட ஆரம்பித்தாள். அன்றைக்கே ஃபிட்டர் அங்கே துளைபோட்டார். இரண்டு நாள் வீடு முழுக்கச் சிமெண்ட் தூசி. மூன்றாம் நாள் காலையில் மேலே மூடியைப் பொருத்தியதும் நடு அறையில் வெளிச்சம் கொட்டியது. டியூப்லைட்டில் ஒரே மாதிரி இருந்த, நிறம் ஒத்துப்பார்க்க வைத்திருக்கும் பதினாறு மாதிரிப் பற்களும் ஆளுக்கொரு முகம் காட்டின.

டீச்சரை வரவழைத்து அந்த வட்டத்தின் கீழே உட்காரவைத்தாள். பக்கத்துப் பல்லின் ஓரத்தில் மெல்லிய சாம்பல் இழை, ஈறுக்கருகே துளி தேன் நிறம். இதைப் பார்க்காமல்தான் இரண்டு தடவை கோட்டைவிட்டிருக்கிறாள். டீச்சரின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பூசினாள். வாசலுக்கு ஒரு தடவைகூட ஓடவில்லை.

கேப்பை மாட்டிய அன்றே டாக்டர் போன் செய்தார். "டீச்சர் வெயில்ல நின்னு கண்ணாடி பார்த்தாங்க. எது நீ செஞ்சதுன்னு எனக்கே ஒரு நிமிஷம் தெரியலம்மா" என்றவர், அவசரமாகப் பதினொரு வேலை அனுப்புவதாகச் சொன்னார்.

"அனுப்புங்க டாக்டர். ஆனா முதல்ல எங்க வீட்டு ஆளுக்குச் செய்யணும்."

அடுத்த வாரம் டாக்டர் ஓரகத்தியின் பழைய கேப்பைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டினார். மறுநாள் உச்சி வெயிலில் கொழுந்தன் வாசலில் நின்று ஏதோ சப்பென்று ஒரு ஜோக் சொன்னான். ஓரகத்தி தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். இரண்டு கையும் இடுப்பில் இருந்தன.