தூளியில் கட்டிய ரப்பர் வளையம்

காற்றைப் பற்றி ஆராய எங்கள் மலைக்கு ஒரு பெண் வந்தாள். என் கையில் ரப்பர் வளையம் ஒன்றை மாட்டினாள்.

"ஒரு வாரம் கழட்டாதீங்கக்கா. நீங்க மூச்சுல இழுக்கிறது இதுலயும் ஒட்டிக்கும்."

அடுப்புப் புகையில் அது கெட்டுவிடும் என்று பயந்தேன். உள்ளறையில் குழந்தையின் தூளிக் கயிற்றில் கட்டிவிட்டேன்.

வாரம் முடிந்ததும் வளையத்தை வாங்கிப் போனவள், சில மாதம் கழித்து சோதனை முடிவோடு வந்தாள்.

"அக்கா, பிளாஸ்டிக் கவர் கொளுத்தியா அடுப்பு பத்தவெக்கறீங்க? கொசுவத்தியும் இருக்குதா?"

"இன்னாம்மா, வூட்டுக்குள்ள எட்டிப் பாத்தியா?"

"வளையத்துல தெரிஞ்சுதுக்கா."

வளையத்தைக் கையில் போடாமல் தூளியில் கட்டிய உண்மையைச் சொன்னேன். அவள் தூளியைப் பார்த்தாள்.

"அப்போ இது பாப்பா இழுத்த காத்துக்கா."

அந்த அறையில் நான் அடுப்புப் புகையைக் கண்டதே இல்லை. அவள் போனபின் குழந்தையின் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். இவ்வளவு சின்ன மூச்சுக்குள் இத்தனையும் போகும் என்று நான் நினைத்ததில்லை.