கடிகாரம் மாறும் ஞாயிறு

லோர்னா பெட்ராஸ்கிக்கு ஐம்பத்தெட்டு வயது. மேற்குப் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவில் இருபத்தோரு வருடம் குப்பை கொட்டினாள். டிசம்பரில் அந்தப் பிரிவையே தூக்கி வெளிக் கம்பெனி ஒன்றிடம் கொடுத்தார்கள். புதிதாக வருகிறவனுக்குப் பிப்ரவரி முடிய இவளே வேலை சொல்லிக்கொடுக்க வேண்டும். கொடுத்தால் மார்ச் கடைசிவரை மருத்துவக் காப்பீடு உண்டு. கணவன் கிளென்னுக்கு ரத்தப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கொரு செவ்வாய் அதே மருத்துவமனையில் மருந்து ஏற்றுகிறார்கள். காப்பீடு போனால் மருந்தும் போச்சு. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

நொய்டாவிலிருந்து திரையில் வந்த பிரதீக் தங்கமான பையன்.

"வேற ஏதாவது இருக்கா மேடம்? விட்டுப்போனா என் தலைதான் உருளும்."

"அவ்வளவுதாம்ப்பா."

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. வருடத்தில் இரண்டு முறை, கோடைக்கும் குளிருக்கும் ஏற்ப ஊரே கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றிவைக்கும் ஞாயிறன்று, ரத்தப் பரிசோதனைக் கூடத்துக் கம்ப்யூட்டர் மருந்தேற்றும் அறையோடு பேச்சை நிறுத்திக்கொள்ளும். கூடத்துக் கம்ப்யூட்டரை முதலில் எழுப்பி, பிறகுதான் மற்றதை எழுப்ப வேண்டும். மாற்றிச் செய்தால் சண்டித்தனம் பண்ணும். மார்ச்சில் படுத்துக்கொள்ளட்டும், அலறியடித்துக் கூப்பிடுவார்கள், வேலையைத் திருப்பிக் கேட்கலாம் என்று நினைத்தாள். பாவம், அவளுக்கு வேறென்ன பிடி இருந்தது?

அந்த ஞாயிறு வந்தது. போன் வரவில்லை. திங்களும் வரவில்லை. செவ்வாய் கிளென்னை அழைத்துக்கொண்டு போனாள். நர்ஸ் மார்லா கையில் காகிதத்தோடு மூச்சிரைக்க வந்தாள்.

"என்ன மார்லா, ஓட்டப்பந்தயமா?"

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து ஸ்கிரீன்ல ரத்த ரிப்போர்ட்டே வரலை. கீழே போய்ப் பேப்பரா வாங்கிட்டு வர்றோம். புகார் குடுத்தாச்சு, வரிசையில இருக்காம்."

"ஏன் என்னைக் கூப்பிடலை?"

"உங்களையா? எதுக்கு? இத்தனை வருஷத்துல ஒரு நாளும் இப்படி ஆனதில்லையே!"

ஒவ்வொரு முறையும் ஆனது. விடியுமுன் வந்து, யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிட்டுப் போனது இவள்தான்.

"ரத்த ரிப்போர்ட் பாக்காம மருந்து ஏத்த முடியாது. கிளென்தான் பாவம், இன்னும் மூணு மணி நேரம் உக்காரணும். எங்களுக்குப் பழகிடுச்சு," என்று மார்லா அடுத்த காகிதத்துக்கு ஓடினாள்.

கிளென் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். "உனக்குத்தான் தெரியுமே லோர்னா, போய்ச் சரி பண்ணிட்டு வாயேன்."

"என் கார்டுக்கு இப்ப எந்தக் கதவும் திறக்காது."

"அந்தப் பையனுக்குச் சொல்லிக்குடுத்தியா?"

அவள் போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டாள். அடுத்த ஊசி மார்ச் முப்பத்தொன்றாம் தேதி. அன்றோடு காப்பீடு முடிகிறது; அதுதான் கடைசி.