போட்டிக்கு ஆள் தேடிய மஸாஹிர்

புத்தளம் களப்புக் கரையிலுள்ள அந்தப் பட்டினத்தின் தெருக்கள் தினமும் விடிவதற்குள் கூட்டப்பட்டுவிடும். கூட்டுகிறவர்கள் நகரசபையின் ஆட்கள். கையிலிருப்பது மஸாஹிரின் விளக்குமாறு. ஈர்க்கு விளக்குமாறு, தும்புத்தடி, குப்பை அள்ளும் தட்டு என்று சபையின் சுத்திகரிப்புப் பகுதிக்கு வேண்டியதை ஆண்டுக் கணக்காகக் கொடுத்துவருபவர் அவர். ஊரின் சுத்தத்துக்குத் தானும் ஒரு காரணம் என்று அவர் எங்கும் பெருமை பேசியதில்லை. ஊர் அவ்வளவு சுத்தமாக இல்லாததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

கடைக்கு முன்னால் நீலப் பலகையில் அவருடைய பெயர் எழுதியிருக்கிறது. ஊரில் எவரும் அதை வாசிப்பதில்லை. "அகதிக் கடை" என்றால்தான் தெரியும். யுத்தத்தில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட தொண்ணூறில் மன்னாரிலிருந்து வள்ளத்தில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது அவருக்கு மீசை அரும்பியிருக்கவில்லை, இப்போது தாடி நரைத்துவிட்டது. மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு யாரும் அப்படிச் சொல்வதில்லை. பழகிய பெயரை மாற்ற ஊருக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

யுத்தம் முடிந்து திரும்பிப் போகலாம் என்றானதும் மனைவி பளீலா மன்னாரில் முசலிப் பக்கம் தன் வாப்பாவின் காணிக்குப் போய்விட்டாள். மகள் றுஷ்னாவும் கலியாணம் முடித்து அதே வளவில் குடியிருக்கிறாள். மஸாஹிர் மட்டும், "இந்த வருஷ டெண்டர் முடியட்டும், வாறன்" என்றார். டெண்டர் ஒரு விசித்திரமான பொருள். அது வருஷா வருஷம் முடியும், முடிந்த கையோடு தொடங்கும். மாதத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் போய் இரண்டு நாள் நின்றுவிட்டு வருவார். அங்கே அக்கம்பக்கத்தார் அவரைப் "புத்தளத்தார்" என்பார்கள்.

இரண்டாயிரத்து இருபத்துமூன்றில் பளீலா பொறுமையிழந்தாள். "இந்த முறை ஒங்களுக்கு டெண்டர் கிடைக்காட்டி கடையப் பூட்டிட்டு வரணும். சத்தியம் பண்ணுங்க" என்றாள். அவரும் சத்தியம் செய்தார். கிடைக்காமல் போகும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. அந்த ஊரில் அவருக்கென்று இருந்தது அந்த விளக்குமாற்று டெண்டர் ஒன்றுதான். அந்த ஒன்றுக்காக ஏன் அங்கே இருக்க வேண்டும் என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளத் துணிந்ததில்லை.

டெண்டர் போடுவதில் அவருக்கிருந்த திறமை ஊரறிந்தது. சபையின் அறிவித்தல் பலகையைத் தினமும் ஒருமுறை போய்ப் பார்ப்பார். ஒட்டுகிற சிற்றூழியருக்கு அடுத்தபடியாக அதை வாசிப்பவர் அவர்தான். வருஷக் கடைசிக்குள் விநியோகஸ்தர் பதிவைப் புதுப்பித்துவிடுவார். விலையைப் பிழையாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசமாட்டார், ஒரே கோட்டால் வெட்டிப் பக்கத்தில் ஒப்பம் வைப்பார். மாதிரி கேட்டால், கடையில் கைக்கு அகப்பட்டதைக் கொடுக்காமல், தான் கொடுக்கப்போகிற அதே விளக்குமாற்றில் பெயர்த்துண்டு கட்டிக் கொடுப்பார். விலை திறக்கும் நாளில் போய்க் குந்தியிருந்து காதால் கேட்பார். புதிதாகக் கடை போட்ட இளந்தாரிகள் வந்து, "நானா, டெண்டர் எடுக்கிறது எப்பிடி?" என்று கேட்டால் இவ்வளவையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுப்பார். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது சரி நானா, யாரப் பிடிக்கணும்?" என்பார்கள். யாரையும் பிடிக்கத் தேவையில்லை என்றால், மனுஷன் மறைக்கிறான் என்று எழுந்து போவார்கள். மறைப்பதற்கு ஒன்றுமில்லாத அந்த மனிதர்தான் ஊரிலேயே பெரிய அழுத்தக்காரர் என்று பெயரெடுத்தார்.

கடைக்காரர்களுக்குள் இன்னொரு வழக்கம் இருந்தது. சின்னச் சாமான் வாங்குவதற்கு அலுவலகங்கள் மூன்று கடையின் விலை கேட்கும். மூன்று கடை ஏறி இறங்க யாருக்கு நேரம்? ஆகவே ஒவ்வொரு கடையின் மேசை லாச்சியிலும் மற்றக் கடைகளின் தலைப்புத்தாள், முத்திரை குத்தி ஒப்பமும் வைத்து வெறுமையாகக் கிடக்கும். ஒரு கடைக்காரரே மூன்று விலையையும் எழுதுவார், தன்னுடையதைக் கொஞ்சம் குறைத்து. சட்டப்படி இது போட்டி. நடைமுறையில் இது உறவு. யாருடைய லாச்சியில் யாருடைய தாள் இருக்கிறது என்று தெரிந்தால், யார் வீட்டுக் கலியாணத்தில் யார் முன்வரிசையில் சாப்பிடுவார் என்றும் சொல்லிவிடலாம்.

மஸாஹிரிடம் ஆரம்பத்தில் யாரும் தாள் கேட்கவில்லை, கொடுக்கவுமில்லை. நாளைக்கு மன்னாருக்குப் போய்விடுகிற ஆளை நம்பி எப்படிக் கொடுப்பது? ஆள் போகமாட்டான் என்று தெரிந்து கேட்கத் தொடங்கியபோது அவர் மறுத்துவிட்டார். பிடிபட்டால் ஊரான் தப்புவான், வந்தவன் தப்பமாட்டான் என்பது அவருடைய கணக்கு. கணக்கு சரிதான். அதனால் அவருடைய லாச்சியில் அவருடைய தாள் மட்டுமே இருந்தது.

அந்த வருஷம் டெண்டர் திறக்கும் அறையில் போட்டியாளர்களுக்கென்று கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தன. முதற் கதிரையில் மஸாஹிர் இருந்தார். மற்றவை எல்லாம் வெறுமை. கொள்முதற் பகுதி எழுதுவினைஞர் சாள்ஸ் பெட்டியைத் திறந்து ஒரேயொரு உறையை எடுத்தார். விதிப்படி உரத்து வாசிக்க வேண்டும். மஸாஹிரின் பெயரையும், விலாசத்தையும், ஒவ்வொரு சாமானின் விலையையும் மஸாஹிருக்கே உரத்து வாசித்துக் காட்டினார். மஸாஹிரும் புதிதாகக் கேட்பதுபோல் தலையாட்டினார்.

"மத்தவங்க எங்க, சாள்ஸ்?"

"யார் வருவான் நானா? போன வருஷம் விலை எப்பிடி ஏறினது? பன்னிரண்டு மாசத்துக்கு ஒரே விலை எண்டு ஒப்பம் வைக்க ஒங்களப்போல விசருள்ள ஆள் வேற இல்ல."

"அப்ப எனக்குத்தானே?"

சாள்ஸ் உறையை மேசையில் தட்டி நேராக்கினார். "அங்கதான் சிக்கல். தனி ஆளுக்குக் குடுத்தா, போட்டி எங்க எண்டு கணக்குப் பாக்க வாற ஓடிட்காரன் கேப்பான். கமிட்டி டெண்டரத் திரும்பக் கேக்கச் சொல்லும். இன்னொண்டாவது வேணும் நானா. ஒண்டு வந்தாப் போதும்."

"வராட்டி?"

"வராட்டி கைவிட்டுட்டு, தேவைக்கேற்ப கொஞ்சங் கொஞ்சமா வெளியில வாங்குவாங்க."

கொஞ்சங் கொஞ்சமாக என்றால் மூன்று கடை விலை. மூன்று கடை விலை என்றால் லாச்சிகள். பல வருஷம் எல்லாரையும் தோற்கடிக்கப் பாடுபட்ட மனிதர், தன்னைத் தோற்கடிக்கக்கூடிய ஒருவனைத் தேடி வெளியே இறங்கினார்.

சபை இரண்டாம் முறை டெண்டர் கேட்டது தலவில தேவாலயத் திருவிழாக் காலம். சபைக் கந்தோரில் வேலை செய்கிறவர்களில் பாதிப்பேர் கோயிலுக்கும் வீட்டுக்குமாக இருந்தார்கள். ஊர்க் கடைகளில் மஸாஹிர் கேட்டுப் பார்த்தார். தாள் கேட்டபோது மறுத்தவர் இப்போது தங்கள் படியேறி வந்திருக்கிறார் என்பதில் அவர்களுக்கு ஒரு சந்தோஷம். தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள். கடைசியில் மதுரங்குளிக்குப் பஸ் ஏறினார்.

மதுரங்குளியில் ஜவ்பர் ஹாஜியார் இருந்தார். முந்திய காலத்தில் விளக்குமாற்று டெண்டர் அவருடையது. மஸாஹிர் அதைப் பிடிக்கும்வரை வருஷா வருஷம் போட்டு வருஷா வருஷம் அவரிடம் தோற்றிருக்கிறார். கொரோனாவுக்கு முன்னரே வியாபாரத்தை விட்டுவிட்டு, மகனுடைய வீட்டு முன்னறையில் சாய்கதிரையில் நாள் போக்குகிறார். ஆனாலும் வியாபாரப் பதிவையும் சபையின் விநியோகஸ்தர் பதிவையும் ஒரு வருஷமும் தவறாமல் புதுப்பித்துவந்தார். எதற்கு என்று மகன் கேட்டால் கோபம் வரும்.

வந்த விஷயத்தைக் கேட்டதும் ஹாஜியார் சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது.

"அட மன்னாரான்! என்னத் தோக்கடிக்க எத்தின வருஷம் நோன்பு பிடிச்ச நீ? இப்ப வந்து, போடுங்க ஹாஜியார் எங்கிறாய்."

"சும்மா போடச் சொல்லல்ல. மெய்யாவே போடுங்க."

ஹாஜியார் எழுந்து அலுமாரியைத் திறந்து, முத்திரை குத்தி ஒப்பம் வைத்த பழைய தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். "இந்தா. டெண்டர் பாரத்தையும் கொண்டா, ஒப்பம் வச்சுத் தாறன். விலைய நீயே எழுதிக்க. ஒன்ட விலைக்கு மேல என்னத்தையாவது எழுது."

அந்தத் தாளை அவருக்கு நீட்டிய முதல் மனிதர் அவர்தான். மஸாஹிர் அதைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் பார்த்தார். எழுத்தின் நீலம் மங்கியிருந்தது. பிறகு மேசைமேல் மெதுவாகத் திருப்பி வைத்தார்.

"வேணாம் ஹாஜியார். நீங்களே பாரம் எடுங்க, நீங்களே எழுதுங்க. விலைய எனக்குச் சொல்லவும் வேணாம்."

"தாளையும் வாங்க மாட்டாய், ஆளையும் விட மாட்டாய்" என்றார் ஹாஜியார். "ஒன்னோட எப்பிடித்தான் குடும்பம் நடத்துறாங்க?"

"முசலியில இருந்துதான் நடத்துறாங்க" என்றார் மஸாஹிர்.

ஹாஜியார் த்ரீவீலர் பிடித்துச் சபைக்குப் போனார். போக ஒரு இடம் கிடைத்த உற்சாகத்தில் வெள்ளைச் சாரம் உடுத்து, தொப்பியும் புதிதாய்ப் போட்டிருந்தார் என்று சாள்ஸ் பிறகு சொன்னார்.

இரண்டாம் முறை பெட்டி திறந்த பகல், கதிரைகள் முன்போலவே வெறுமை. மஸாஹிர் முன்போலவே முதற் கதிரை. உறைகள் இரண்டு. முதலில் மஸாஹிரின் விலை. அதை அவர் போன முறையே கேட்டு முடித்திருந்தார். அடுத்து ஹாஜியாரின் விலையை வாசிக்கத் தொடங்கிய சாள்ஸ் இடையில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி வாசித்தார். ஒவ்வொரு சாமானும் மஸாஹிரின் விலையில் பாதிக்குக் கிட்ட. ஈர்க்கு பொறுக்கிக் கட்டுகிற பெண்களின் கூலிக்கே அது காணாது.

"நானா, சாட்சி ஒப்பம் வைங்க" என்றார் சாள்ஸ், முகத்தைப் பார்க்காமல். திறக்கும்போது இருந்தவர்கள் ஒப்பமிட வேண்டும். இருந்தவர் ஒருவர்தான். தன் தோல்விக்குத் தானே சாட்சி ஒப்பம் வைத்துவிட்டு மஸாஹிர் வெளியே வந்தார். பளீலாவுக்கு அழைப்பு எடுக்கக் கைபேசியைத் தூக்கினார். எடுக்காமல் மதுரங்குளி பஸ்ஸில் ஏறினார்.

விஷயத்தைக் கேட்ட ஹாஜியார் சாய்கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "நான் எங்கப்பா குறைச்சுப் போட்ட? நான் கடைசியா குடுத்த விலைக்கு மேல நல்லா ஏத்தித்தானே எழுதின! தோக்கணும் எண்டுதானே எழுதின!"

"அதுக்குப் பொறகு விலை ரெண்டு மடங்குக்கு மேல போயிட்டு, ஹாஜியார்."

"பாண் விலை தெரியும், சீனி விலை தெரியும். விளக்குமாத்து விலைய எனக்கு யார் சொன்னா? அஞ்சு வருஷமா இந்த வீட்டுல நானா கூட்டுறன்?" பிறகு மஸாஹிரைப் பார்த்து, "நீ விலையச் சொல்லியிருந்தா இது வராது" என்றார்.

"சொன்னா அது போட்டியில்ல."

"சரி. நான் விலகிறன். ஏலாது, சுகமில்ல எண்டு எழுதிக் குடுக்கிறன். அடுத்தது நீதானே."

"பிணைப்பணம் போயிடும். பேரையும் கறுப்புப் பட்டியல்ல போடுவாங்க. இனி நீங்க பதியவும் ஏலாது."

தன் பெயரை அந்தப் பதிவில் வைத்திருப்பதற்காக ஹாஜியார் மகனோடு எத்தனை தடவை சண்டை பிடித்திருக்கிறார் என்பது அந்த அறைக்குத் தெரியும்.

"கறுப்புப் பட்டியல் என்ன பெரிய பட்டியல்" என்றார் கடைசியில். "நான் சாகப்போறவன், மௌத்துப் பட்டியல்ல முன்வரிசையில நிக்கிறவன். போ, பேனை ஒண்டு எடுத்துத் தா."

மூன்று கிழமை கழித்துச் சபையிலிருந்து கடிதம் வந்தது. டெண்டர் மஸாஹிருக்குத்தான். கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். காட்டுவதற்குக் கடையில் யாரும் இருக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரிடம் சொன்னார். "அப்ப யாரைப் பிடிச்ச?" என்று அவர் கேட்டார். மஸாஹிர் திரும்பி வந்து, விளக்குமாற்றுக் கட்டுகளுக்கு நடுவில் ஒரு பெட்டிமேல் இருந்துகொண்டு முசலிக்கு எடுத்தார்.

"கிடைச்சிட்டு" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் பளீலா. துக்கம் கேட்கப் போன மையத்து வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள். அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்துவது கேட்டது. றுஷ்னாவின் பிள்ளை எதையோ கேட்டு அழுதது.

"அப்ப கிணத்துக்கு மோட்டர் பூட்ட நான் ஆள் பாக்கிறன்" என்றாள் பிறகு. "நீங்க வந்து பாப்பீங்க எண்டு வச்சிருந்தது. இஞ்ச ஒருத்தர் இருக்கார். அவர்ட்ட மட்டும் கேட்டாப் போதுமா, மூணு பேர்ட்ட விலை எடுக்கணுமா?"

மஸாஹிர் யோசித்தார். இந்த விஷயத்தில் அவரிடம் யார் கேட்டாலும் சரியாகத்தான் சொல்வார்.

"மூணு பேர்ட்டயும் எடு" என்றார். "வாயால கேக்காத. எழுத்துல எடு. ஒராள்ட விலைய மத்தாளுக்குச் சொல்லாத."

கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். எப்போதோ வைத்துவிட்டிருந்தாள்.