மைக்குக்கு ஆகாத இடம்

கருத்தப்பாண்டி அண்ணனுக்குக் காது போனது வயசுக் கோளாறாம். சொன்னது யார்? கம்பெனி மேனேஜர் அய்யாதுரை. விஸ்வநத்தம் பக்கம் அந்த வெடிக் கம்பெனியில், ஆர்டர் கொடுக்க வரும் வியாபாரிகளுக்குச் சாம்பிள் வெடித்துக் காட்டுவது அண்ணன்தான். மீசை அரும்பிய வயதில் ஊதுபத்தியோடு பொட்டலில் இறங்கியவர். அணுகுண்டு வெடியின் திரியைப் பற்றவைத்துவிட்டு நாலு எட்டு பின்வாங்கி நிற்பார். வியாபாரி தூரத்து வேப்பமரத்தடியில் காதைப் பொத்திக்கொண்டு நிற்பான்.

ஐம்பதைத் தொடுவதற்குள் அண்ணனுக்கு இரண்டு காதும் அடைத்துப்போயின. வேலையால் போனது என்று கம்பெனி ஒத்துக்கொண்டால் அரசாங்க உதவிக்காவது வழி பிறக்கும். கேட்கப் போன அவர் மனைவி செல்லக்கனி அக்காவிடம், "எங்க தாத்தாவுக்குந்தான் காது கேக்காது. அவரு என்ன வெடியா வெடிச்சாரு?" என்று சிரித்தான் அய்யாதுரை. அண்ணனைக் குப்பை கூட்டப் போட்டான். அதே கம்பெனிக்கு லோடு வண்டி ஓட்டுகிறவன் நான்.

போன மாதம் சினிமாவுக்கு வெடிச்சத்தம் எடுக்கச் சென்னையிலிருந்து ஒலிப்பதிவுக்காரர் ஒருவர் வந்தார். தோளில் தொங்கவிடும் பழைய டேப் ரிக்கார்டர். மேலே இரண்டு சுருள் சுற்றும். இந்தக் காலத்துக் கருவியில் வெடிச்சத்தம் தட்டையாகப் பதிகிறதாம். கைக்குழந்தையை இறக்குவதுபோல் என் வண்டியிலிருந்து அதை இறக்கினார். பற்றவைக்க ஆள் வேண்டுமே? அய்யாதுரை கொஞ்சமும் கூசாமல் அண்ணனையே கூப்பிட்டான். லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த அக்காவும் எழுந்து பின்னால் வந்தார்.

ரிக்கார்டர் ஓடத் தொடங்கியது. மைக்கை எங்கே வைக்கலாம் என்று ஒலிப்பதிவுக்காரர் சைகையில் கேட்டார். அண்ணன் அதை வாங்கி, வயரை இழுத்துக்கொண்டே போய், தான் எப்போதும் நிற்கும் இடத்தில் வைத்தார். கள்ளங்கபடம் இல்லாமல்தான் வைத்தார்.

அய்யாதுரை பதறி ஓடினான்.

"ஏலே, தூக்குலே அதை! அங்கன வச்சா ஒரே வெடியில கெட்டுப்போயிரும்லே! எம்புட்டு வெல தெரியுமா?"

மைக்கைப் பிடுங்கிக்கொண்டு ரிக்கார்டர் பக்கம் திரும்பி வந்தவனை அக்கா மறித்தார்.

"மைக்குக்கு ஆகாதுன்னு தெரியுதுல்ல? இத்தன வருசமா இந்த மனுசன் அங்கனதான நின்னாரு? அவரு காதுக்கு மட்டும் ஆகுமா? சொல்லுங்க!"

அய்யாதுரை ஓடிக்கொண்டிருந்த ரிக்கார்டரைப் பார்த்தான். "அத நிறுத்துங்க சார்" என்று ஒலிப்பதிவுக்காரரிடம் சொன்னான். அவர் நிறுத்தவில்லை.

பின்னாலேயே வந்த அண்ணனுக்கு இதில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர் ரிக்கார்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சத்தத்தின் அளவைக் காட்டும் ஊசி ஒன்று அதன் முகப்பில் இருந்தது. அக்கா வாய் திறக்கும்போதெல்லாம் அது துள்ளிச் சிவப்புப் பக்கம் போய் முட்டியது. மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார். விஷயம் பிடிபட்டுவிட்டது. அய்யாதுரையின் மணிக்கட்டைப் பிடித்து, மைக்கை அக்காவின் வாய்க்கு நேராகத் திருப்பினார்.

"இன்னுஞ் சத்தமாச் சொல்லு" என்றார்.