கடுகளவு சிவப்பு

ஒரே ஒரு புள்ளி வைக்க நான் நான்கு முறை தூரிகை எடுத்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது மலாயாவில் டுரியான் துங்கால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். தீப்பெட்டி அளவு அட்டையில் ஆட்களின் முகம் வரைவது என் பித்து. இலையுதிரும் வெயில் காலத்தில் ஞாயிறுதோறும் ரப்பர் மரங்களுக்கு அடியில் உட்கார்ந்துவிடுவேன். சிவந்த இலைகள் அவசரமே இல்லாமல் இறங்கும். சாயம் தட்டிலேயே காய்ந்துபோகும்.

அன்று எதிரே உட்கார்ந்தவள் பால்வெட்டும் அஞ்சலை. ஊரிலிருக்கும் அம்மாவுக்குக் கடிதத்தோடு அனுப்பப் படம் கேட்டிருந்தாள். வரைந்து நீட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"நெத்தியில பொட்டு வச்சிடுங்க, கிராணி ஐயா."

அவள் புருஷன் காய்ச்சலில் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இல்லாததை நான் வரைய மாட்டேன். மலாக்காவுல போட்டோ கடைக்குப் போ" என்றேன்.

"போட்டோல வெறும் நெத்தி விழுந்துடுமே ஐயா. அவரு போனதை அம்மாகிட்ட இன்னும் சொல்லல. கடல் தாண்டி வரவா முடியும்? தனியா கிடந்து அழுவாங்க."

தூரிகையைச் சிவப்பில் தொட்டேன். அட்டைக்கு அருகே கொண்டுபோய் நிறுத்தி நிறுத்தி மூன்று முறை சாயம் நுனியிலேயே காய்ந்தது. நான்காம் முறை கடுகளவு வைத்தேன்.

நிமிர்ந்தபோது அஞ்சலையின் விரல் தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிறகு அந்த விரலை வெயிலில் திருப்பிப் பார்த்தாள், ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று.

அதற்குப் பிறகு எத்தனையோ முகங்கள் வரைந்துவிட்டேன். நெற்றிக்கு வரும்போது மட்டும், எதிரே இருப்பவரைக் கேட்காமல் தூரிகையை எடுப்பதில்லை.