குடும்பத் தலைவரை நீக்கிய நாள்

கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு நான்தான் கம்ப்யூட்டர் ஆள். வலிப்பு, காசம் என்று நாள்பட மாத்திரை சாப்பிடும் கல்வராயன் மலை ஊர்க்காரர்களுக்கு மாதம் ஒரு நாள் வேனில் மருந்து அனுப்புவோம். யாருக்கு எந்த மாத்திரை என்பது நீள நோட்டுகளில் இருந்தது. அதையெல்லாம் கிளவுடில் ஏற்றுகிறேன் என்று நானாகத்தான் கிளம்பினேன். யாரும் கேட்கவில்லை.

கம்ப்யூட்டர் கெட்டாலும் கவலையில்லை, எல்லாம் மும்பை சர்வரில் பத்திரமாக இருக்கும் என்று செயலாளரிடம் அளந்துவிட்டேன். வாடகைக்கு டேட்டாபேஸ் எடுத்தோம். தினமும் தானாக எடுத்துவைக்கும் நகல்களை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற இடத்தில் ஏழு என்று அதுவே போட்டிருந்தது. அப்படியே விட்டேன். தப்பு நடந்தால் ஒரு வாரத்தில் தெரியாமலா போகும்? மாதம் ஒருமுறை மலையேறும் வேனுக்கு ஏழு நாள் போதும் என்று நினைத்த புத்திசாலி நான்.

ரேஷன் கார்டு மாதிரி, ஒவ்வொரு நோயாளியையும் ஒரு குடும்பத் தலைவரின் கீழ் வைத்தேன். தலைவரை நீக்கினால் அவருக்குக் கீழே உள்ளவர்களின் பதிவும் தானாக நீங்கிவிடும்படி ஒரு விதி எழுதினேன். டேபிளில் குப்பை சேரக்கூடாதாம். அவ்வளவு சுத்தம் பார்த்தேன்.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு ஊர். அங்கே முப்பது வயதுப் பெண் ஒருத்திக்கு எங்கள் மாத்திரையால் இரண்டு வருடமாக வலிப்பு வரவில்லை. குடும்பத் தலைவராகப் பதிந்திருந்த புருஷன் காய்ச்சலில் இறந்துபோனார். பொட்டலம் கொடுக்கும்போது தலைவர் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். ஒருமுறை நானும் வேனில் போயிருந்தேன். பொட்டலத்தை வாங்கியவள் நகராமல் நின்றாள்.

"அவரு பேர எடுத்துடுங்க சார். நீங்க கூப்புடறப்பலாம் திரும்பிப் பாத்துடறேன்."

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தப் பெயரை நீக்கினேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

அடுத்த மாதப் பட்டியலில் அவள் இல்லை. பட்டியலைப் பார்த்துத்தான் பொட்டலம் கட்டுவோம். வேனில் உபரி மாத்திரை இருக்காது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ், பெயர் இல்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். அதற்கடுத்த மாதமும் அதே பதில்தான்.

பிறகு அவளுடைய அண்ணன் மலையிறங்கி அலுவலகத்துக்கு வந்தார். ஓடையில் தண்ணீர் மொள்ளக் குனிந்தவளுக்கு வலிப்பு வந்து, முழங்கால் ஆழத் தண்ணீரில் முகம் குப்புற இறந்து கிடந்திருக்கிறாள். அவர் சண்டைக்கு வரவில்லை. வலிப்பு நோயாளிதான் என்று போலீசுக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார்.

பெயரைத் தேடினேன். இல்லை. அப்போதுதான் நான் எழுதிய விதி நினைவுக்கு வந்தது. ஏழு நாள் நகலெல்லாம் எப்போதோ அழிந்துபோயிருந்தது.

"பேர எடுக்கச் சொன்னேன்ல, அதான் மாத்திரயும் நிறுத்திட்டாங்கன்னு தங்கச்சி சொல்லிக்கினே இருந்துச்சு சார். அப்புறம் இன்னா கேக்கறதுன்னு வுட்டுட்டோம்."

விதியை எழுதியவனுக்கு உறைக்காதது அவளுக்கு அப்படியே புரிந்திருக்கிறது.

பழைய நோட்டைப் பார்த்து அவளைத் திரும்பப் பதிந்தேன். பதிவு இருந்தால்தான் கடிதம் வரும். 'எங்களிடம் தொடர்ந்து மருந்து பெற்று வருகிறார்' என்று பிரிண்டரிலிருந்து வந்தது. எல்லாக் கடிதத்திலும் வரும் வரி அது. அடித்துத் திருத்தியிருக்கலாம். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலையே அந்த விதியை எடுத்தேன். இப்போது யாரையும் நீக்குவதில்லை, இறந்தவர் என்று குறிப்பதோடு சரி. நகல்கள் முப்பத்தைந்து நாள் இருக்கும். நடந்ததைச் செயலாளரிடமும் சொன்னேன்.

போன மாதம் வேனில் மேலே போனபோது அண்ணன் ஒரு பை சாமை அரிசியோடு காத்திருந்தார். தங்கச்சிக்கு உடனே கடிதம் கொடுத்த சார் இவர்தான் என்று அங்கிருந்தவர்களிடம் காட்டிப் பையை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.