சூட்டு விலை

டீக்கடையில் உட்காருவதற்கு முன் கலோரியண்ணன் கெட்டிலின் அடியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவார். கரி அப்பியிருந்தால் அன்றைக்குக் கடைக்காரருக்கு நேரம் சரியில்லை. "இந்தக் கரியெல்லாம் என்ன தெரியுமா? நீ காசு குடுத்து வாங்கிட்டு, எரிக்காமலே விட்ட சூடு." கடைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே டீயை நீட்டுவார். மறுநாளும் கெட்டில் அப்படியேதான் இருக்கும்.

காகித ஆலையில் எரிபொருள் சோதிக்கும் அறை அவருடையது. கொதிகலனுக்கு வரும் ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு பிடி நிலக்கரியோ உமியோ மரத்தூளோ அவர் மேஜைக்கு வந்தாக வேண்டும். காயவைத்துப் பொடித்து, சரியாக ஒரு கிராம் நிறுத்து, எஃகுக் குடுவைக்குள் வைத்து மூடி, ஆக்ஸிஜன் ஏற்றி, தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிக் கொளுத்துவார். தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி ஏறுகிறதோ, அதுதான் அந்தச் சரக்கின் யோக்கியதை. எடை கூட்டிக் காட்ட உமியை நனைத்துக் கொண்டுவரும் ஏஜெண்டுகளுக்கு அவரைக் கண்டாலே லாரியைத் திருப்பிவிடத் தோன்றும். "தண்ணியக் கொளுத்த முடியாதுய்யா, எடுத்துட்டுப் போ" என்பார். ஆலையில் எல்லோருக்கும் அவர் கலோரியண்ணன். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது.

யாராவது விலை பேசினால் குறுக்கே விழுவார். "கிலோ விலை வேண்டாம், சூட்டு விலை சொல்லு." காய்ந்த விறகு கிலோவுக்கு நாலாயிரம் கிலோகலோரி சூடு, மண்ணெண்ணெய் பத்தாயிரத்து முந்நூறு, காஸ் பதினோராயிரம், கரண்ட் யூனிட்டுக்கு எண்ணூற்றறுபது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். மகளின் கல்யாணப் பேச்சில் சம்பந்தி, "சுமார் இருநூறு பேர் வருவோம்" என்றபோது, "சுமார்னா எத்தனை?" என்று சபை நடுவே கேட்டவர்.

கல்யாணமான புதிதில், இரண்டு லிட்டர் தண்ணீரை ஒவ்வொரு எரிபொருளிலும் மாற்றி மாற்றிக் கொதிக்க வைத்துப் பார்த்துவிட்டு, மரத்தூள் அடுப்புதான் மலிவு என்று தீர்ப்புச் சொன்னார். தகர டின்னின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து நிரப்பி, பாட்டிலை உருவினால் அடுப்பு தயார். ஒரே ஒரு ஜன்னல் உள்ள அந்தச் சமையலறையில் அவர் மனைவி இருபத்தாறு வருஷம் அதில்தான் சமைத்தாள். மிச்சம் பிடித்ததில் மகள் நர்ஸ் படிப்பை முடித்தாள். "எங்க வீட்டுக்காரர் அளந்து பார்க்காம எதையும் சொல்ல மாட்டார்" என்று அக்கம்பக்கத்தில் அவளுக்கு ஏகப் பெருமை.

போன மாதம் அவளை இருமலுக்குக் காட்டப் போனபோது, டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா சிகரெட் பிடிப்பாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்ப வீட்டுல என்ன அடுப்பு?" என்றார். இவர் சொன்னார். கெட்டுப்போன நுரையீரல் திரும்பாது, மிச்சமிருப்பதாவது தங்க வேண்டுமானால் இனிப் புகையே ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

எஃகுக் குடுவைக்குள் எரிவதில் புகை வருவதில்லை. முப்பது வருஷமாக அதையே பார்த்துப் பழகிய மனிதர், வீட்டுச் சுவரில் கரி படிந்தபோதும் வீணாய்ப்போன சூடு என்றுதான் நினைத்திருக்கிறார். அது யார் நெஞ்சுக்குள் போகிறது என்று ஒருநாளும் கேட்டுப் பார்த்ததில்லை.

அன்றைக்கே கரண்ட் அடுப்பு வாங்கி வந்தார். அவள் அதைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலை வழக்கம்போல டின்னில் மரத்தூளை இடித்தாள். கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், டின்னை ஒளித்து வைத்தார். வேறு டின் வந்தது. "இனிமே நான் சமைக்கிறேன்" என்றார். "உங்களுக்குத் தண்ணி கொதிக்க வைக்கத்தானே தெரியும்" என்று அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். "நீங்க போட்ட கணக்குங்க. ஒரு இருமலுக்காக மாத்துவாங்களா?"

இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் டின்னோடு உட்கார்ந்திருந்தபோது எதிரே போய் உட்கார்ந்தார்.

"இந்தா பாரு, கரண்ட் விலையக் குறைச்சுட்டாங்க. இப்ப மரத்தூளவிட இதுதான் மலிவு."

அவள் இடிப்பதை நிறுத்தினாள். "அளந்து பார்த்தீங்களா?"

இருபத்தாறு வருஷத்தில் அதுவரை அவளிடம் ஓர் எண்ணைக்கூட அவர் மாற்றிச் சொன்னதில்லை. "அளந்துட்டேன். சரிபாதி."

அவளுக்கு அது போதும். டின்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இதை முன்னாடியே அளந்திருக்கக் கூடாதா?" என்றாள். குறை சொல்லவில்லை, சும்மாதான் கேட்டாள்.

அவளே துணியை எடுத்தாள், பாத்திரத்தை வைத்தாள், ஸ்விட்சைப் போட்டாள். சுருள் சிவக்க நேரமெடுத்தது. பழக்கதோஷம், அவள் குனிந்து உதட்டைக் குவித்து ஊதினாள். அவர் எழுந்து வந்து தடுப்பதற்காகக் கையை நீட்டினார். ஊதியது அவர் உள்ளங்கைக்கு நேராகத்தான். அவள் மூச்சுக்காற்று பட்டதாகவே தெரியவில்லை. இன்னும் வருமோ என்று கையை எடுக்காமல் நின்றார்.